மின்தடையைக் காட்டாத பிளக் மீட்டர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீடு கோவையில் 1990களின் இறுதியில் கட்டப்பட்டது. அதன் பின்கட்டு அறையில் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டின் முகப்பு, சென்ற ஆண்டு மார்கழியில், நியூட்ரல் துளையைச் சுற்றி முதலில் மஞ்சளித்துப் பிறகு பழுப்பேறத் தொடங்கியது. வெந்நீர் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடைத் தவிர வேறெதையும் நாங்கள் அங்கே செருகுவதில்லை. ராடு பழையதாகிவிட்டது, கரண்டை அதிகமாக இழுக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றே கேட்டவர் எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையிலேயே அதிகம் இழுக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு மாற்றலாம் என எண்ணி, ரூ. 1,150 கொடுத்து இணையத்தில் ஒரு பிளக் மீட்டர் வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்த இந்தக் கருவி பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. நான் சொல்லவிருக்கும் குறைகளில் சில என் கைக்கு வந்த கருவிக்கு மட்டும் உரியவையாகவும் இருக்கலாம். ஆகவே பெயரைத் தவிர்த்துக் கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உள்ளங்கையை விடச் சற்றே பெரிய வெள்ளைப் பெட்டி அது. பின்புறம் 16 ஆம்பியர் பிளக்கின் மூன்று முளைகள் உள்ளன. முன்புறம் 6 ஆம்பியர் பிளக்கையும் 16 ஆம்பியர் பிளக்கையும் ஏற்கும் துளைகள் உள்ளன. அவற்றுக்கு மேலே ஒரு சிறு திரை. சுவரில் இதைச் செருகி, சாதனத்தின் பிளக்கை இதில் செருகினால் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், திறன் காரணி, அலைவெண், செலவான யூனிட் ஆகிய ஆறும் தெரியும். மின்னழுத்தம் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரையிலும், மின்னோட்டம் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் காட்டப்படுகின்றன. மின்தடைக்கு (மின்வெட்டு அல்ல, ஓமில் அளக்கும் ரெசிஸ்டன்ஸ்) மட்டும் திரையில் இடமில்லை. அதை நாமே கணக்கிட வேண்டும். ஓராண்டில் இந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

கணக்கு பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்ததுதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் 1000 வாட் என்று பொறித்திருக்கும் சாதனம் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை 52.9 ஓம். இதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டில் நிற்பதில்லை. எங்கள் தெருவில் பிற்பகலில் 228 வோல்ட் இருக்கும். மாலை ஏழு மணிக்கு 206 வரை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மின்னழுத்தத்தை ஒரு நேரத்திலும் மின்னோட்டத்தை வேறொரு நேரத்திலும் அளந்து வகுத்தால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. இரண்டும் ஒரே கணத்தில் ஒரே திரையில் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கின் விதியைக் கண்டறிந்த ஓமுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. கேயோர்க் சைமன் ஓம் தம் சோதனைகளை மின்கலங்களைக் கொண்டு தொடங்கினார். மின்னோட்டம் பாயப் பாய அவற்றின் மின்னழுத்தம் சரிந்துகொண்டே போனதால் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிறகு பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டைக்கு மாறி, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத ஒரு மின்னழுத்தத்தைப் பெற்றார். 1827இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அடிப்படையாக அமைந்தவை இந்த அளவுகளே. நமக்குக் கொதிநீரும் பனிக்கட்டியும் வேண்டியதில்லை. மாறிக்கொண்டிருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க முடிந்தால் போதும்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் ஊசிகளால் தொட்டு அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. மின்னழுத்தத்தை அதில் எளிதாக அளக்கலாம், ஏனெனில் அதன் ஊசிகளைச் சுற்றின் இரு முனைகளுக்குப் பக்க இணைப்பாக வைத்தால் போதும். மின்னோட்டத்தை அளக்கவோ சுற்றைத் துண்டித்து, மல்டிமீட்டரைத் தொடர் இணைப்பில் வைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் அது விளையாட்டு அல்ல. அம்மீட்டராக, அதாவது மின்னோட்டத்தை அளக்கும் கருவியாகச் செயல்படும்போது மல்டிமீட்டரின் உள்தடை மிக மிகக் குறைவு. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, மறதியாக ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால் அது ஷார்ட் சர்க்யூட்டேதான். ஒரு முறை நானே அப்படிச் செய்து, ஊசியின் முனை உருகி, எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து, நல்ல வேளையாகக் கைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பினேன். பிளக் மீட்டரில் கையால் தொடும்படி எந்த உலோகமும் வெளியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டில் மின்னோட்டத்தை அளக்க விரும்பும் எவருக்கும் மல்டிமீட்டருக்கு முன்னதாக இதைப் பரிந்துரைப்பேன்.

இவ்வகைக் கருவிகளில் மின்னோட்டம் நேரடியாக அளக்கப்படுவதில்லை என்பதும் சுவையான செய்தி. ஓரிரு மில்லிஓம் மட்டுமே மின்தடை கொண்ட சிறு உலோகப் பட்டை ஒன்று மின்னோட்டத்தின் பாதையில் வைக்கப்பட்டு, அதன் இரு முனைகளுக்கு இடையே எழும் மின்னழுத்தமே அளக்கப்படுகிறது. 2 மில்லிஓம் பட்டையில் 5 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே எழுவது 10 மில்லிவோல்ட். தெரிந்த மின்தடை, அளந்த மின்னழுத்தம், அவற்றிலிருந்து மின்னோட்டம்: ஓமின் விதிக் கணக்கைத் திரையைப் பார்த்து நாம் போடுவதற்கு முன்பே பெட்டிக்குள் கருவி ஒரு முறை போட்டுவிடுகிறது.

கருவியின் எண்களை நம்பலாமா என்பதைச் சோதிக்க இரண்டு வழிகளைக் கையாண்டேன். மின்னழுத்தத்தை மல்டிமீட்டருடன் ஒப்பிட்டபோது இரண்டுக்கும் இடையே 1.2 வோல்ட் வேறுபாடு இருந்தது. எது சரி என்று சொல்ல என்னிடம் மூன்றாவது சாட்சி இல்லை, ஆனால் அரை விழுக்காட்டுக்கு வீட்டுக் கணக்கு கெட்டுவிடாது. மின்திறனுக்கு வாசலில் உள்ள மின்வாரிய மீட்டரே சாட்சி. அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கிறது; சிவப்பு விளக்கு ஒவ்வொரு முறை மின்னும்போதும் ஒரு யூனிட்டில் 3200இல் ஒரு பங்கு செலவாகிறது என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மட்டும் பிளக் மீட்டர் வழியாக ஓடவிட்டு, இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினேன். 105 முறை. இரண்டு நிமிடத்துக்கு 105 என்றால் ஒரு மணிக்கு 3150. அதை 3200ஆல் வகுத்தால் 0.984 யூனிட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால் இது 984 வாட். அந்த நேரத்தில் பிளக் மீட்டர் காட்டியது 980. எண்ணும்போது ஒரு துடிப்பு முன்பின் ஆகலாம் என்பதைக் கருதினால் இதைவிடப் பொருத்தம் எதிர்பார்க்க முடியாது. கையில் எந்த மீட்டரும் இல்லாதவர்கள் கூட இந்தச் சோதனையைச் செய்து தங்கள் சாதனத்தின் மின்திறனை அறியலாம். ஒரு யூனிட்டுக்கான துடிப்பு எண் மீட்டருக்கு மீட்டர் வேறுபடும் என்பதால் முகப்பைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியிலேயே சற்று நிற்கலாம். பிற்பகலில் 228 வோல்ட், 4.30 ஆம்பியர், வகுத்தால் 53.0 ஓம், பெருக்கினால் 980 வாட். மாலையில் 206 வோல்ட், 3.89 ஆம்பியர், வகுத்தால் மீண்டும் 53.0 ஓம்தான், ஆனால் பெருக்கினால் 801 வாட். மின்தடை அசையவில்லை. மின்னழுத்தம் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்க, மின்திறனோ பதினெட்டு விழுக்காடு இறங்கியிருக்கிறது. மின்தடை மாறாதபோது மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று படித்ததை, மாலையில் பெட்டி சூடேறவில்லை என்ற வீட்டாரின் நெடுநாள் முறையீட்டுடன் இணைத்துப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பெட்டியை ஆறவைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் இரு முளைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தபோது 51.8 ஓம் காட்டியது. ஊசிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் 0.4 ஓம் காட்டுகிறது; அது வயர்களின் தடை. அதைக் கழித்தால் 51.4. சூட்டில் 53.0, குளிரில் 51.4 என்ற இந்தச் சிறு வேறுபாட்டுக்குக் காரணம் உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் அதன் மின்தடை ஒரு சில விழுக்காட்டுக்கு மேல் கூடாது. இங்கே ஓர் எச்சரிக்கை: பெட்டியின் திருகுவிசை அணைப்பு நிலையில் இருந்தால் தெர்மோஸ்டாட் சுற்றைத் துண்டித்திருக்கும், மல்டிமீட்டர் முடிவிலி என்று காட்டும். காயில் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இதற்கு நேர்மாறானது பழைய குண்டு பல்பு. பரணில் கிடந்த 100 வாட் பல்பு ஒன்றைக் குளிரில் அளந்தால் 38 ஓம். எரியும்போது 226 வோல்ட்டில் 0.431 ஆம்பியர் எடுத்தது. வகுத்தால் 524 ஓம். ஏறத்தாழ பதினான்கு மடங்கு. டங்ஸ்டன் இழை வெள்ளொளி விடும் அளவுக்குக் காய்வதால் வரும் மாற்றம் இது. சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் இழை குளிர்ந்தே இருக்கிறது என்பதால், 226ஐ 38ஆல் வகுத்தால் வரும் 6 ஆம்பியர் அளவுக்கான மின்னோட்டம் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் பாயக்கூடும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவதற்கு இதுவே காரணம். பிளக் மீட்டரில் அந்த 6 ஆம்பியரைப் பார்க்க முடியாது. திரை ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறைதான் மாறுகிறது. மோட்டார்கள் கிளம்பும்போது எடுக்கும் மின்னோட்டத்தையும் இது தவறவிடும். அதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

இனிக் கருவியோடு வந்த கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காக மடித்த ஒரே தாள். அதன் பின்பக்கத்தில், திரையில் தெரியும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து எந்தச் சாதனத்தின் மின்தடையையும் அறியலாம் என்று எழுதி, ஃபேன், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு உதாரணக் கணக்குகளையும் கொடுத்திருக்கிறார்கள். இது தவறு, அதுவும் படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் தவறு.

கிரைண்டர் இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். எங்களுடையது மேசை மீது வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர். 150 வாட் என்று பொறித்திருக்கிறது. உளுந்து அரைபடும்போது 224 வோல்ட், 0.98 ஆம்பியர். பெருக்கினால் 219.5 வருகிறது. ஆனால் திரையில் மின்திறன் 142 வாட் என்றுதான் நிற்கிறது. வாங்கிய புதிதில் இதைப் பார்த்துக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பவே எண்ணினேன். பழுது கருவியில் இல்லை. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஹீட்டரில் மின்னழுத்தம் ஏறும்போது மின்னோட்டமும் உடன் ஏறி, அது இறங்கும்போது உடன் இறங்குகிறது. மோட்டாரின் கம்பிச்சுருளிலோ மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கியே நடக்கிறது. அதனால் ஒவ்வொரு அலையிலும் சிறிது நேரம், காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் மின்கம்பிக்கே திரும்பிப் போகிறது. கருவி ஒவ்வொரு நொடியையும் மிகப் பல துண்டுகளாக்கி, அந்தந்தக் கணத்து வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, எல்லாவற்றுக்கும் சராசரி காண்கிறது. அதனால் அது காட்டும் 142 வாட்தான் உண்மையான மின்திறன். 142ஐ 219.5ஆல் வகுத்தால் வரும் 0.65தான் திரையின் மூலையில் தெரியும் திறன் காரணி. வீட்டு மின்கட்டணம் வாட்டுக்குத்தான், 219.5க்கு அல்ல.

கையேட்டின் வழியில் போய் 224ஐ 0.98ஆல் வகுத்தால் கிரைண்டரின் மின்தடை 229 ஓம் என்று வரும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் 31 ஓம்தான் இருக்கிறது. அந்த 229 என்பது கம்பியின் தடையோடு காந்தப்புலத்தின் எதிர்ப்பும் சேர்ந்த வேறொரு எண். மேல்நிலை இயற்பியலில் அதற்கு மின்எதிர்ப்பு என்று தனிப்பெயரே உண்டு. எந்த எண்ணை எங்கே பயன்படுத்துவது என்பதில் சிறிது கவனம் வேண்டும். மின்னோட்டத்தின் இருமடியை 31 ஓமால் பெருக்கினால் ஏறக்குறைய 30 வாட் வருகிறது. கிரைண்டரின் கம்பிச்சுருள் வெறும் சூடாக வீணாக்குவது அவ்வளவே. இதே கணக்கை 229 ஓமால் போட்டால் 220 வாட் வரும்; கிரைண்டர் மொத்தமாக எடுப்பதே 142 வாட் என்னும்போது அது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். இன்னொன்றும் கவனித்தேன். மாவு இல்லாமல் கல் வெறுமனே சுற்றும்போது மின்னோட்டம் 0.93 ஆம்பியர், மின்திறன் 118 வாட். உளுந்து போட்டதும் மின்னோட்டம் 0.98ஆக மட்டுமே ஏறி, மின்திறன் 142 ஆகிறது. வேலைப் பளுவை ஆம்பியரைப் பார்த்து அறிய முடியாது, வாட்டைப் பார்த்தே அறிய முடியும்.

எல்.இ.டி. பல்பிலும் இதே கதை, காரணம் மட்டும் வேறு. 9 வாட் பல்பு ஒன்று 230 வோல்ட்டில் 0.071 ஆம்பியர் எடுத்தது. பெருக்கினால் 16 வருகிறது, திரையில் 8.8 வாட்தான். அதன் உள்சுற்று மின்னழுத்த அலையின் உச்சியில் மட்டும் சிறு சிறு வாயாக மின்னோட்டத்தை அள்ளிக்கொள்கிறது. அதற்கு மின்தடை கணக்கிடுவதில் பயனில்லை.

ஆக, வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும் கணக்கு ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கீசர், குண்டு பல்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது என்று நினைத்திருந்தேன். பின்கட்டுப் பிளக் பாயின்ட்டுக்குத் திரும்பியபோதுதான் இன்னோர் இடமும் இருப்பது தெரிந்தது: சுவருக்குள் ஓடும் வயர்.

முதலில் ராடைப் பற்றிய குற்றச்சாட்டு. கருவியைப் பின்கட்டில் செருகி, வாளி நீரில் ராடைப் போட்டு அளந்தேன்: 218.3 வோல்ட், 6.19 ஆம்பியர், 1351 வாட். மின்தடை 35.3 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் எடுக்க வேண்டிய ராடுக்கு இருக்க வேண்டிய மின்தடையும் 35.3 ஓம்தான். ராடு அதிகமாக எதையும் இழுக்கவில்லை. பத்தாண்டு உழைத்த பின்னும் பிறந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது.

ஆனால் ராடின் சுவிட்சைப் போடுவதற்கு முன் திரையில் 227.0 வோல்ட் இருந்தது. போட்டவுடன் 8.7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அந்த 8.7 வோல்ட், மின்கம்பத்திலிருந்து இந்தத் துளை வரை வந்து திரும்பும் கம்பிகளிலும் இணைப்புகளிலும் விழுகிறது. 8.7ஐ 6.19ஆல் வகுத்தால் 1.4 ஓம். இதே ராடை மெயின் போர்டுக்குப் பக்கத்தில் உள்ள பாயின்ட்டில் செருகிப் பார்த்தபோது 227.0 வோல்ட் 225.4ஆக மட்டுமே இறங்கியது, 1.6 வோல்ட்டை 6.39 ஆம்பியரால் வகுத்தால் 0.25 ஓம். அது கம்பத்திலிருந்து வீடு வரையிலான பங்கு. எஞ்சிய 1.15 ஓம் மெயின் போர்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் இருக்கிறது.

அங்கே எவ்வளவு இருக்க வேண்டும்? பின்கட்டுக்கு இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 20 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக 18 மீட்டர், வர 18 மீட்டர், ஆக 36 மீட்டருக்கு 0.44 ஓம். அளந்ததோ 1.15. ஏறக்குறைய 0.7 ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. பழுப்பேறிய முகப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. 6.19 ஆம்பியரின் இருமடியை 0.7ஆல் பெருக்கினால் 27 வாட். மின்னணுப் பணிமனைகளில் ஈயப்பற்று உருக்கும் சிறு சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அவ்வளவு சூடு, தினமும் காலையில் கால் மணி நேரம், சுவருக்குள் ஒரு திருகாணி அளவு இடத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எம்.சி.பி. இதைக் கண்டு விழாது, ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை; சொல்லப்போனால் சற்றுக் குறைந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்துப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். நியூட்ரல் திருகாணி தளர்ந்து, வயரின் நுனி கருகி, மேலுறை ஓரங்குலத்துக்கு உருகியிருந்தது. "ராடு நல்லாத்தானுங்க இருக்குது, ஸ்க்ரூதான் லூஸுங்க" என்றார் அவர். கருகிய நுனியை வெட்டி, புது சாக்கெட் போட்டு, மீண்டும் அளந்தோம்: 227.0 வோல்ட் 222.6ஆக இறங்கியது, மின்னோட்டம் 6.31 ஆம்பியர். மொத்தம் 0.70 ஓம், கம்பத்துப் பங்கான 0.25ஐக் கழித்தால் 0.45. கணக்கில் வந்த 0.44க்கு இதைவிட நெருக்கமாக ஒரு பழைய வீட்டின் வயரிங் நடந்துகொள்ள முடியாது. இப்போது 16 ஆம்பியர் பாயின்ட்டுகளுக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்கிறார்கள். 2.5க்கு மாற்றினால் கிலோமீட்டருக்கு 7.41 ஓம் வீதம் அந்த 0.44 ஓம் 0.27ஆகக் குறையும், அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது செய்யவிருக்கிறேன்.

இந்த அளவையை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராடு இல்லாதபோதும் இருக்கும்போதும் எடுக்கும் இரண்டு மின்னழுத்த எண்களுக்கு இடையே தெருவின் மின்னழுத்தமே மாறிவிடக்கூடும். ஆகவே சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 8.7 வோல்ட் வீழ்ச்சியில் அரை வோல்ட் பிழை பொருட்டல்ல, 1.6 வோல்ட்டில் அது மூன்றில் ஒரு பங்கு. என்னுடைய 0.25 ஓமை அந்த அளவு தளர்ச்சியோடுதான் படிக்க வேண்டும். நீரில் இருக்கும் ராடை, சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றாமல் தொடக்கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். 16 ஆம்பியர் முளைகள் 6 ஆம்பியர் துளைக்குள் போகா. எங்கள் கூடத்திலும் சமையலறையிலும் பாதிப் பாயின்ட்டுகள் 6 ஆம்பியர்தான் என்பதால் இடையில் ஒரு மாற்றி பிளக் தேவைப்படுகிறது. அதுவே ஒரு தளர்ந்த இணைப்பாகி, அளவையில் தன் பங்கையும் சேர்த்துவிடுகிறது. சுவரோடு ஒட்டிச் செருகுவதால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பாயின்ட்டில் திரையைப் படிக்க முகம் பார்க்கும் கண்ணாடி பிடிக்க வேண்டியிருந்தது. 2 வாட்டுக்குக் கீழே எடுக்கும் எதையும் கருவி சுழியம் என்றே காட்டுகிறது. வெறுமனே செருகிக் கிடக்கும் அலைபேசி சார்ஜர் எவ்வளவு தின்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இது உதவாது. 16 ஆம்பியர் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், 2000 வாட் கீசரை அரை மணி நேரம் ஓட்டியதில் 8 ஆம்பியருக்கே கருவியின் முதுகு நன்றாகச் சூடேறியது. முழு 16 ஆம்பியரை இதன் வழியாக நெடுநேரம் விட எனக்குத் துணிவில்லை. சுவரோடு நேரடியாக இணைந்த சீலிங் ஃபேனை இதால் அளக்கவே முடியாது என்பது கருவியின் குற்றமல்ல; ஆனாலும் வீட்டில் நாள் முழுதும் ஓடுவது அதுதானே என்ற ஏமாற்றம் இருந்தது.

யூனிட் கணக்கைப் பற்றி ஒரு சொல். குளிர்சாதனப் பெட்டியை ஒரு நாள் முழுதும் அளந்ததில் 0.9 யூனிட் வந்தது. அது விட்டு விட்டு ஓடுவதால், வோல்ட்டையும் ஆம்பியரையும் எத்தனை முறை பெருக்கினாலும் இந்த எண் கிடைக்காது. கருவியைச் செருகிவிட்டுக் காத்திருப்பதே வழி. இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். நான் அளந்த காலத்தில் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒரு முறை கிடைத்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு பெட்டிக்கே போய்விட்டது.

விலைக்கு மேல் உழைத்த கருவி என்பதே என் கணிப்பு. கையேட்டுக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வகுத்துப் பார்க்கப் பென்சிலும் தாளும் எடுக்க விரும்பாதவர்கள், வாட்டை மட்டும் காட்டும் மலிவான வகையையே வாங்கிக்கொள்ளலாம். பழைய வயரிங் உள்ள வீட்டில் ஹீட்டரோ கீசரோ ஓட்டுபவர்கள், வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் காட்டுகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். நான் வாங்கியதை, பின்கட்டுப் பாயின்ட்டைச் சரிசெய்த எலக்ட்ரீஷியன் வேறொரு வீட்டில் பார்க்க வேண்டும் என்று இரவல் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. அதே வகையில் இரண்டாவதாக ஒன்றை வாங்கிவிட்டேன். மல்டிமீட்டரோடு இதன் வேறுபாடு 0.3 வோல்ட்தான்.